ஏட்டில் இல்லாத ஆட்டக்காரர்

பேஸ்பாலைப் பற்றி ஒரு கட்டுரை தருகிறேன் என்று சொன்னதும் மலர்க் குழு அன்பர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நியாயம்தான். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்து, பதினேழு வயதில் நாக்பூருக்கு வந்து, ஐம்பது வருஷமாகக் கணக்குப் புத்தகமும் ரசீதுப் புத்தகமும் விற்றுக்கொண்டிருக்கிறவன் நான். போன மலர்களில் நீலகேசி பற்றியும் மேல்சித்தாமூர் பற்றியும் எழுதியிருக்கிறேன். "இந்த ஆளுக்கு அமெரிக்க ஆட்டத்தில் என்ன வேலை?" என்று கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் நான் எழுதப்போவது ஆட்டத்தைப் பற்றி அல்ல. அந்த ஆட்டத்தின் பழைய வீரர்களைக் கம்ப்யூட்டருக்குள் மறுபடி பிறக்க வைத்து, வேறொரு வாழ்க்கை வாழவைக்கும் ஒரு விளையாட்டைப் பற்றி. அது முழுக்க முழுக்கக் கணக்குப் புத்தக விவகாரம். அதில் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

2023-ல் நியூஜெர்சியில் மகள் வீட்டில் நான்கு மாதம் இருந்தேன். பதினான்கு வயதுப் பேரன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான். விளையாட்டு என்கிறான், திரையில் பார்த்தால் சுடுவதும் இல்லை, ஓடுவதும் இல்லை. எல்லாம் பத்தி பத்தியாக எண்கள். "என்னடா இது, ஆடிட்டர் ஆபீஸ் மாதிரி இருக்கு?" என்றேன். "அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால், தாத்தா. இதுல நான் ஆடறதில்ல. நான் டீமோட மேனேஜர். ஆடறது அவங்க" என்றான். அவங்க என்றால் யார்? எட்டிப் பார்த்தேன். பாதிப்பேர் நான் பிறக்கும் முன்பே செத்துப்போனவர்கள்.

மார்க்குஸ் ஹைன்சோன் என்ற ஜெர்மானியர் தொடங்கியது இது. முதல் பதிப்பு 1999-ல் வந்தது. அமெரிக்க ஆட்டத்துக்கு ஒரு ஜெர்மானியர் பேரேடு போட்டுக் கொடுத்திருக்கிறார், பாருங்கள். ஆனால் யோசனை அவருக்கும் முந்தியது. 1951-ல் ஆப்பா என்ற பெயரிலும், 1961-ல் ஹால் ரிச்மன் என்பவரின் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்ற பெயரிலும் அட்டையும் பகடையுமாக இதே விளையாட்டு விற்றது. ரிச்மன் செய்த ஏற்பாடு அழகானது. பந்தை அடிப்பவருக்கு ஒரு அட்டை, எறிபவருக்கு ஒரு அட்டை. மூன்று பகடைகளில் ஒன்று 1, 2, 3 என்று விழுந்தால் அடிப்பவர் அட்டையைப் பார்க்க வேண்டும், 4, 5, 6 என்றால் எறிபவர் அட்டையை. மற்ற இரண்டின் கூட்டுத்தொகை அந்த அட்டையில் எந்த வரி என்று காட்டும். ஒரு அடியில் பாதி அடித்தவனுடையது, பாதி எறிந்தவனுடையது என்ற தீர்ப்பு அந்தப் பகடைக்குள்ளேயே இருக்கிறது. தத்துவம் படித்தவர்கள் இதற்கு ஐம்பது பக்கம் எழுதுவார்கள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கிரிக்கெட்டில் பௌலர், இங்கே பிட்சர். அடித்த பந்து வேலியைத் தாண்டினால் ஹோம் ரன். அடிப்பவரின் தகுதியைச் சராசரியாகச் சொல்வார்கள்: பத்துத் தடவையில் மூன்று தடவை சரியாக அடித்தால் 0.300, அதுவே கெட்டிக்காரர். ஒரு வருஷம் முழுக்க 0.400 என்பது அபூர்வம். பாஸ்டனின் டெட் வில்லியம்ஸ் 1941-ல் 0.406 எடுத்தார். அந்த வருஷக் கடைசி நாள் காலையில் அவர் கணக்கு 0.39955. முழுமையாக்கினால் 0.400 ஆகிவிடும், ஆடாமல் உட்கார்ந்திருக்கலாம். அவர் உட்காரவில்லை. அன்றைக்கு இரண்டு ஆட்டமும் ஆடி, எட்டுக்கு ஆறு அடித்தார். பைசாவை முழுமையாக்காமல் கணக்கு முடித்த மனிதர் என்று எனக்கு அவர்மேல் தனி மரியாதை.

இந்த வில்லியம்ஸ்தான் இந்த விளையாட்டுக்காரர்களின் முதல் பைத்தியம். காரணம், அவர் ஏட்டில் நடுவே பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. இரண்டாம் உலகப்போருக்காக 1943, 44, 45 மூன்று வருஷமும் போயிற்று. கொரியப் போருக்கு மறுபடி கூப்பிட்டார்கள். விமானியாகப் பறந்தார், 1952-ல் ஆறு ஆட்டம், 1953-ல் 37 ஆட்டம்தான் ஆட முடிந்தது. 1960-ல் ஓய்வு பெற்றபோது ஹோம் ரன் 521. போர் இல்லாவிட்டால்?

பேரன் கம்ப்யூட்டரைத் திறக்கும் முன்பே நான் துண்டுச் சீட்டில் போட்டுவிட்டேன். 1942-ல் 36, 1946-ல் 38, நடுவிலான மூன்று வருஷத்துக்குத் தலா 37 என்று வைத்தால் 111. கொரியாவுக்கு முந்திய 1951-ல் 30, பிந்திய 1954-ல் 29. அந்த இரண்டு வருஷத்துக்கு 60 என்று வைத்து, உள்ளபடி அடித்த 14-ஐக் கழித்தால் 46. ஆக 678. பேப் ரூத் என்ற மகா சூரரின் 714-க்கு 36 குறை. ஒரே ஒரு நல்ல வருஷம்!

"தாத்தா, அது தப்பு" என்றான் பையன். எனக்குச் சுருக்கென்றது. கணக்கில் என்னைத் தப்பு என்று சொன்னவர்கள் குறைவு. அவன் கேட்டது இதுதான்: போர் இல்லையென்றால் வில்லியம்ஸ் மட்டுமா ஊரில் இருப்பார்? பாப் ஃபெல்லர் என்ற பயங்கரமான பிட்சர், பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்த இரண்டாம் நாளே கடற்படையில் சேர்ந்தவர். அவரும் கிட்டத்தட்ட நான்கு வருஷம் ஆடவில்லை. அவரும் இருப்பார், எதிரே நின்று எறிவார். வில்லியம்ஸ் கணக்கில் ஒரு ஹோம் ரன்னை வரவு வைத்தால், யாரோ ஒரு பிட்சர் கணக்கில் அதைப் பற்று எழுதியாக வேண்டும்.

இரட்டைப் பதிவு! வாழ்நாள் முழுக்க இதையே விற்றுப் பிழைத்த எனக்கு ஒரு சிறுவன் சொல்ல வேண்டியதாயிற்று. இந்த விளையாட்டின் முதல் பெருமை இது. திண்ணையில் உட்கார்ந்து "அவன் மட்டும் இருந்திருந்தா..." என்று நாம் பேசுவதெல்லாம் ஒற்றைப் பதிவு. ஒருவனை மட்டும் உயர்த்திவிட்டு மற்ற உலகத்தை அப்படியே விட்டுவிடுகிறோம். கம்ப்யூட்டர் விடுவதில்லை. அடித்தவன் உயர்ந்தால் எறிந்தவன் இறங்குகிறான், ஒரு அணி ஜெயித்தால் இன்னொன்று தோற்கிறது, சாயங்காலம் இருப்புக் கட்டுகிறது. மைதானத்தின் அளவுகூட உள்ளே இருக்கிறது. பாஸ்டன் மைதானத்தின் இடது பக்கம் 37 அடிச் சுவர், நியூயார்க் யாங்கீ மைதானத்தில் அந்நாளில் வலது வேலி மிகக் கிட்டே, இடது நடுப்பகுதி வெகு தூரம். இடது கைக்காரரான வில்லியம்ஸும் வலது கைக்காரரான ஜோ டிமாஜியோவும் தங்களுக்குப் பொருந்தாத மைதானத்திலேயே காலம் தள்ளினார்கள். இருவரையும் மாற்றிக்கொள்ள முதலாளிகள் குடிமேசையில் பேசி, விடிந்ததும் விட்டுவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. அந்த மாற்றத்தைச் செய்து பார்க்க இந்த விளையாட்டில் இரண்டு நிமிஷம் போதும்.

இனி என் குறைபாடுகளைச் சொல்கிறேன்.

பழைய வீரர் ஒருவரை மறுபடி நடத்த இதில் இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று, ஒவ்வொரு வருஷமும் அவர் உண்மையில் ஆடிய கணக்கிலிருந்தே அவர் திறமையைத் திரும்ப எடுத்துக்கொள்வது. இன்னொன்று, இளம் வயதில் ஒரு திறமையைக் கொடுத்து இறக்கிவிட்டு, அதன் பிறகு வளர்வதையும் தேய்வதையும் கம்ப்யூட்டரின் பகடைக்கே விட்டுவிடுவது.

முதல் வழியில் என்ன சிக்கல் என்பதை லூ கெரிக் காட்டுவார். 2,130 ஆட்டம் ஒரு நாள்கூட லீவு இல்லாமல் ஆடிய இரும்பு மனிதர். வாழ்நாள் சராசரி 0.340. 1938-ல் அது 0.295-க்கு இறங்கியது. 1939-ல் எட்டு ஆட்டம், 28 தடவையில் நான்கு அடி, 0.143. மே 2-ஆம் தேதி தானே போய், இன்று என்னை ஆட்டத்தில் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தசைகளை இயக்கும் நரம்புகளைத் தின்னும் நோய். 1941-ல் 37 வயதில் இறந்தார். இன்றும் அமெரிக்காவில் அந்த நோய்க்கு அவர் பெயரையே சொல்கிறார்கள். கம்ப்யூட்டர் கையில் இருப்பது 0.143 என்ற எண் மட்டும். அதற்கு நோய் தெரியாது. 'இந்த ஆளுக்கு ஆடத் தெரியவில்லை' என்று படித்துக்கொள்கிறது. வேறு வாழ்க்கை கொடுக்கிறேன் என்று கூட்டி வந்து, பழைய வாழ்க்கையின் வியாதியையே திறமைக்குறைவு என்ற பெயரில் திரும்பக் கொடுக்கிறது.

சரி, இரண்டாம் வழி. கெரிக்கை 1923-ல் இறக்கிவிட்டு, பகடையை நம்பி விடலாம். பேரன் விட்டான். ஒரு தடவை நாற்பது வயது வரை ஆடினார். இன்னொரு தடவை இருபத்தாறு வயதில் தேய்ந்து, ஏதோ மூன்றாந்தர அணியில் காணாமல் போனார். சுவாரஸ்யமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் கெரிக்கா? பெயர் கெரிக், பிறந்த தேதி கெரிக், மற்றபடி பகடை பெற்ற பிள்ளை.

ஆக, ஏட்டை முழுக்க நம்பினால் மறுபிறவியிலும் பழைய தலையெழுத்து. நம்பாமல் விட்டால் பெயரைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை. யசோதர காவியத்தில் மாவுக்கோழியைப் பலியிட்ட மன்னன் மயிலாகவும் அவன் தாய் நாயாகவும் பிறப்பார்கள். உருவம் மாறினாலும் பழைய வினையின் பாக்கி கூடவே வரும். அங்கே இருப்பு முன்னால் கொண்டுபோகப்படுகிறது. இங்கே புதுப் புத்தகம், புதுப் பக்கம், முன்பாக்கி இல்லை, மேலே எழுதிய பெயர் மட்டும் பழசு. இதைச் சொன்னபோது பேரன், "தாத்தா, இது கேம்" என்றான். அதுவும் சரி.

பகடையைப் பற்றி இன்னொரு சங்கதி. ராபர்ட் கூவர் என்ற அமெரிக்க நாவலாசிரியர் 1968-லேயே இதைப் பற்றி ஒரு நாவல் எழுதியிருக்கிறார். நாயகன் ஹென்றி வா ஒரு கணக்காளர் (யாராக இருக்க முடியும், சொல்லுங்கள்!). சமையலறை மேசையில் பகடை உருட்டியே ஒரு பேஸ்பால் உலகத்தை நடத்துகிறான். அவன் உயிராக நேசித்த ஒரு இளம் வீரன், பகடை விழுந்தபடி, பந்து தலையில் பட்டுச் செத்துப்போகிறான். தாங்க முடியாத ஹென்றி பிறகு ஒரு நாள் பகடையை உருட்டாமல் கையாலேயே திருப்பி வைத்து, அந்தப் பந்தை எறிந்தவனைச் சாகடிக்கிறான். கணக்குப் பொய்யாகிவிட்ட இடம் அது. மகளின் ஊர் நூலகத்தில் எடுத்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். அந்த ஹென்றியை எங்கள் வீட்டிலேயே பார்ப்பேன் என்று அப்போது தெரியாது.

ஜோஷ் கிப்சனுக்கு வருகிறேன். நான் இதை எழுதுவதே இவருக்காகத்தான்.

கறுப்பர்களைப் பெரிய லீகில் சேர்ப்பதில்லை என்று வைத்திருந்த காலம். அவர்களுக்குத் தனி லீகுகள். அங்கே பந்தைப் பிடிக்கும் கேட்சராகவும் அசுர அடிகாரராகவும் இருந்தவர் கிப்சன். 1947 ஜனவரி 20-ல் 35 வயதில் இறந்தார். மூன்றே மாதத்தில், ஏப்ரல் 15-ல், ஜாக்கி ராபின்சன் பெரிய லீகில் கால் வைத்து அந்தச் சுவரை உடைத்தார். இவரோடு ஆடிய பிட்சர் சாச்சல் பேஜ் 1948-ல், 42 வயதில் புதுமுகமாக உள்ளே போய் ஆறு ஆட்டம் ஜெயித்தார். கிப்சனுக்கு அந்தக் கடைசிக் காலத் தர்மமும் இல்லை. வேறொரு வாழ்க்கை யாருக்காவது தர வேண்டும் என்றால் முதல் பந்தியில் உட்கார வைக்க வேண்டியவர் இவர்.

ஆனால் எதை வைத்துத் தருவது? கூப்பர்ஸ்டவுன் புகழ்மண்டபத்தில் 1972-ல் இவருக்கு வைத்த பட்டயம் ஏறத்தாழ 800 ஹோம் ரன் என்கிறது. லீக் ஆட்டம், ஊர் ஊராய்ப் போய் ஆடிய ஆட்டம் எல்லாம் சேர்த்து. லீக் ஆட்டங்களில் ஏட்டோடு தேறுவது 200-க்கும் குறைவு. மிச்சமெல்லாம் பொய்யா? இல்லை. பெரிய லீகில் வருஷத்துக்கு 154 ஆட்டம் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொரு பந்துக்கும் குறிப்பு எழுத ஆள் இருந்தது. இவர்கள் லீகில் ஆட்டமே குறைவு. பிழைப்புக்காகப் பஸ்ஸில் அலைந்து சிற்றூர்களில் ஆடியதுதான் மிகுதி. அதை யார் எழுதினார்கள்? கறுப்பர் நடத்திய வாரப் பத்திரிகைகளில் வந்த துணுக்குகளைத் தேடித் தேடி, ஆராய்ச்சியாளர்கள் பல வருஷம் உட்கார்ந்து கணக்கைக் கட்டினார்கள். 2020 டிசம்பரில் அந்த லீகுகளைப் பெரிய லீகாக ஏற்பதாக அறிவித்து, 2024 மே மாதம் எண்களையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். அன்றைக்கு டை காப் என்பவரின் 0.367-ஐத் தாண்டி, 0.372-ஓடு வாழ்நாள் சராசரியில் முதலிடத்துக்கு வந்தார் கிப்சன். செத்து 77 வருஷம் கழித்து. 'குறைந்த ஆட்டத்தில் எடுத்த சராசரி' என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. ஆட்டம் குறைந்தது யாரால் என்று அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

இந்த விளையாட்டின் அடிப்படைக் குறை இங்கேதான் வெளிப்படுகிறது. வில்லியம்ஸின் வெற்றுப் பக்கத்துக்கு முன்னாலும் பின்னாலும் நிறைய எழுதியிருக்கிறது. நடுவில் உள்ளதை நிரப்பலாம், நானே துண்டுச் சீட்டில் நிரப்பினேன். கிப்சனுக்குப் புத்தகமே அரைகுறை. கெட்டியான ஏடு உள்ளவனுக்குத்தான் நம்பும்படியான மறுவாழ்வு கிடைக்கிறது. ஏடு இல்லாதவனுக்கு ஊகம்தான். முதல் தடவை வாசலில் நிறுத்தியவர்கள் ஏட்டையும் எழுதாமல் விட்டதால், இரண்டாம் தடவையும் அவர் பாதி ஆளாகவே உள்ளே வருகிறார்.

இதைப் பேரனிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவன் கிப்சனை 1930-லிருந்து பெரிய லீகில் ஆடவைத்திருந்தான். "ரூத்தைத் தாண்டிட்டார் தாத்தா!" என்று குதித்துக் காட்டினான். சந்தோஷம். எத்தனை தடவை நடத்தினாய் என்று கேட்டேன். நாலு. மற்ற மூன்று? ஒன்றில் முழங்கால் போய் இருபத்து நான்கு வயதில் முடிந்துவிட்டாராம். இரண்டில் சுமார். "அதெல்லாம்?" "அழிச்சிட்டேன். அவருக்கு அப்படி ஆகக்கூடாது."

பிள்ளை மனசு. திட்ட வாய் வரவில்லை. ஆனால் அந்த ரூத்தைத் தாண்டிய எண்ணுக்கு இனி என்ன மதிப்பு? நாலு சிட்டையில் மூன்றைக் கிழித்துவிட்டு நாலாவதைப் பேரேட்டில் ஏற்றினால், அது வரவு அல்ல, ஆசை. எங்கள் சமயத்தார் எந்தக் கூற்றுக்கும் முன்னால் 'ஸ்யாத்' என்று ஒரு சொல் வைக்கச் சொன்னார்கள். ஒரு நோக்கில், ஒரு வகையில் என்று பொருள். நூறு தடவை நடத்தி நூறையும் வைத்துக்கொண்டால்தான் அந்தச் சொல்லுக்கு இடம் இருக்கும். ஒன்றை வைத்து மற்றதை அழித்தால் கதை கிடைக்கும், கிப்சன் கிடைக்க மாட்டார்.

இவ்வளவு கடுமையாக ஒரு குழந்தையிடம் ஏன் பேசினேன் என்று மகள் அன்று இரவு கேட்டாள். அவளிடம் சொல்லாததை இங்கே எழுதிவிடுகிறேன். என் தம்பி 1981-லிருந்து ஐந்து வருஷம் எங்கள் கடையில் நின்றான். காலை எட்டுக்குக் கடை திறப்பான், இரவு பூட்டிவிட்டு வருவான். வீட்டுப் பிள்ளைக்குச் சம்பளம் எதற்கு என்று அவன் பேரில் ஒரு வரியும் எழுதவில்லை. 1989-ல் பாகம் பிரித்தபோது பெரியவர்கள் பேரேட்டைக் கேட்டார்கள். நான்தான் எடுத்து வைத்தேன். அதில் அவன் இல்லை. "ஏட்டுல இல்லியேப்பா" என்று நானே என் வாயால் சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் ஊருக்குப் போய் நிலத்தைப் பார்த்துக்கொண்டான். 2011-ல் காலமானான். எங்கள் ஏடு சரியாக எழுதப்பட்ட ஏடு, அதில் ஒரு தப்பும் யாராலும் காட்ட முடியாது.

ஊருக்குத் திரும்பிய பிறகும் பேரன் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறான். அழிப்பதை நிறுத்திவிட்டான். கிப்சனுக்கு இப்போது அவனிடம் இருபத்தேழு வாழ்க்கை இருக்கிறது, முழங்கால் போன ஐந்தையும் சேர்த்து. நான் ஒரு நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டில் ஒவ்வொன்றையும் எழுதி வைக்கிறேன். போன வாரம் ஒரு சந்தேகம் கேட்டான். 1947 ஜனவரிக்குப் பிறகும் அவரை ஆடவிடலாமா, அல்லது உண்மையில் இறந்த நாளன்றே நிறுத்த வேண்டுமா? இரண்டுக்கும் விளையாட்டில் வழி இருக்கிறதாம். இரண்டு விதமாகவும் நடத்து, தனித்தனிப் பக்கத்தில் எழுதிக்கொள்கிறேன் என்றேன்.